மைதானத்து ஓரம்: போத்தல் பானமா, அவித்த கடலையா?

மாலையில் மக்கெய்சர் மைதானத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று கடையில் குளிர்ந்த போத்தலை வாங்கி நீட்டும். மற்றது வீட்டிலிருந்து தண்ணீர், வாழைப்பழம், தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்த கொண்டைக்கடலை கொண்டுவரும். நான் இரண்டாவது கட்சி.

போத்தல்காரர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. திருகோணமலை வெயிலில் வியர்வை கொட்டுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடுபவருக்கு உப்பும் சீனியும் கலந்த விளையாட்டுப் பானம் உதவும். வேலை முடிந்து நேரே வரும் தாய்க்கு அதுதான் வசதி. ஆனால் முக்கால் மணி நேரம் பந்து உதைத்த பத்து வயதுப் பிள்ளைக்கு அரை லீற்றரில் ஏறத்தாழ 30 கிராம் சீனி எதற்கு? தண்ணீரே போதும். கஃபீன் கலந்த சக்தி பானங்கள் சிறுவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011 இலேயே சொல்லிவிட்டது. இலங்கையில் 2016 முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. சிவப்பைக் கண்டால் தயவுசெய்து திரும்ப வைத்துவிடுங்கள்.

கடலைக்கும் நேரம் உண்டு. விளையாடுமுன் கொடுத்தால் வயிறு கனக்கும். அப்போது வாழைப்பழம் நல்லது. பிறகு கடலை: ஒரு கோப்பையில் சுமார் 14 கிராம் புரதம். புரத மாவு டின் வாங்கலாமா என்று கேட்கும் தந்தையரிடம், இரவில் சோற்றோடு சூடை மீன் குழம்பு கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.