பாத் நகரத்து வெந்நீர்க்குளமும் திருடர்களுக்கு இட்ட சாபமும்

இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ரோமானியக் குளியல் மண்டபத்துக்குச் செல்பவர்களில் பலர், பச்சை நிறத்தில் ஆவி பறக்கும் பெரிய குளத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ரோமானியர் அடித்தளத்தில் பதித்த ஈயத் தகடுகளின் மேல்தான் இன்றும் வெந்நீர் நிற்கிறது என்பதற்காகவே அதைப் பார்க்கலாம். ஆனால், நுழைவுக் கட்டணம் வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது, உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கும் மெல்லிய சாபத் தகடுகளைப் பார்த்தபோதுதான்.

சுமார் 46 டிகிரி வெப்பத்தில் நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கும் மேல் நீர் சுரக்கும் இந்த ஊற்று, சுலிஸ் மினர்வா என்ற தேவிக்கு உரியதாக இருந்தது. குளிக்கும்போது துணியையோ பணத்தையோ பறிகொடுத்தவர்கள், ஈயம் கலந்த தகட்டில் முறையீட்டைக் கீறி, சுருட்டியோ மடித்தோ ஊற்றுக்குள் எறிந்தார்கள். ஏறத்தாழ 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1979-80 அகழாய்வில் வெளிவந்தவை. டாக்கிமீடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளை இழந்திருக்கிறார். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்களும் போக வேண்டும் என்கிறார். இரண்டு கையுறைக்கு இரண்டு கண் என்றால்கூடக் கணக்கு நேராகியிருக்கும், புத்தியையும் சேர்த்துக் கேட்டதுதான் அதிகம். அன்னியானஸ் என்பவரோ வழக்கறிஞரைப் போல எந்த இடுக்கும் விடவில்லை. காலையில் தன் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசுகளை எடுத்தவர் ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ அல்லாதவரோ, கிறித்தவரோ வேற்றுச் சமயத்தவரோ, யாராக இருந்தாலும் தேவி வசூலித்துத் தர வேண்டும் என்று எழுதி, மறுபக்கத்தில் 18 பேரின் பெயர்களையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

கீறல்கள் மிக மெல்லியவை என்பதால், சற்றே குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால்தான் எழுத்து பிடிபடும். எங்களை அழைத்துச் சென்ற சுற்றுலா நிறுவனம் ஒரே நாளில் ஸ்டோன்ஹெஞ்சையும் சேர்த்துவிட்டு இங்கே ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்கியதால், நான் பாதித் தகடுகளைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. இரண்டரை மணி நேரமாவது கைவசம் வைத்துக்கொண்டு தனியாகச் செல்வதே நல்லது.

குளத்தில் இறங்க அனுமதியில்லை. சுத்திகரித்த ஊற்றுநீரைக் குடித்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருந்த அந்த நீர் ஒரு மிடறுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.