ஹார்ட்வெல் ஹவுஸ்ல டீ குடிச்ச கதை, கூடவே ஒரு ராணி கதை

லண்டன் மேரில்போன்ல ரயில் ஏறினா சுமார் ஒரு மணி நேரத்துல அய்ல்ஸ்பரி, அங்கேர்ந்து டாக்ஸில கொஞ்ச தூரம், அவ்ளோதான் ஹார்ட்வெல் ஹவுஸ். இப்போ ஹோட்டல், ஆனா 1809லேர்ந்து 1814 வரைக்கும் பிரான்ஸ் ராஜா பதினெட்டாம் லூயி, பிரெஞ்சுப் புரட்சியால நாடு இல்லாம வாடகைக்கு இருந்த வீடு. வருஷத்துக்கு 500 பவுண்டு வாடகை, கூட நூறு பேருக்கு மேல பரிவாரம். மொட்டைமாடில கோழி, முயல் வளர்த்தாங்களாம், வெர்சாய்ல இருந்துட்டு வந்தவங்க!

எல்லாரும் ராஜாவுக்காக வருவாங்க, 1814ல பட்டமேற்க ஒத்துக்கிட்டு அவர் கையெழுத்து போட்ட லைப்ரரிய பாக்க. நான் போனது அவரோட பொண்டாட்டிக்காக. பேரு மேரி ஜோசஃபின், இத்தாலில டூரின் அரச குடும்பத்துப் பொண்ணு, 17 வயசுல கட்டிக்குடுத்துட்டாங்க, குழந்தை இல்ல, மாமியார் வீடும் ஒட்டல. 1791 ஜூன்ல ஓர்ப்படி, அப்போதைய பிரான்ஸ் ராணி மேரி ஆன்ட்வனெட் குடும்பம் தப்பிக்கப் பாத்து வழில வாரென்ல மாட்டிக்கிட்டாங்க இல்லையா, அதே ராத்திரி இந்தம்மா புருஷன் ஒரு வண்டி, இவங்க வேற வண்டின்னு தனித்தனியா கெளம்பி ரெண்டு பேரும் எல்லைய தாண்டிட்டாங்க. அதுக்கப்புறமும் ஒண்ணா இருந்தது கம்மிதான், இவங்க பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க, அவர் ஊர் ஊரா சுத்தினார்.

சரி டீக்கு வர்றேன். அடுக்குத் தட்டுல கீழ சான்ட்விச், நடுவுல ஸ்கோன், மேல கேக். ஸ்கோன் சூடா, உள்ள பஞ்சு மாதிரி, க்ரீம தாராளமா வெச்சிருந்தாங்க. எனக்கு வெள்ளரிக்கா சான்ட்விச் எப்பவுமே நோயாளி சாப்பாடுதான், அது இவங்க தப்பில்ல. டீய ரெண்டு தடவ கேக்காமயே ஊத்தினாங்க, யாரும் எழுந்திரிங்கன்னு மொறைக்கல, அண்ணியும் நானும் நிதானமா உக்காந்து பேசினோம்.

பேச்சு பூரா கூர்பியோங் பத்திதான். ராணிக்கு புத்தகம் வாசிக்கிற தோழி, உயிர். 1799ல இப்போ லாட்வியால இருக்கிற மிட்டாவ்ல புருஷன் கூட சேர வர்றப்போ, அவள கூட்டிட்டு வராதன்னு அவர் சொல்லியும் கேக்காம கூட்டிட்டு வந்துட்டாங்க. ஊர் வாசல்லயே தோழிய தனியா இழுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தம்மா எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டு, போட்டிருந்த பயண உடுப்ப மாத்த மாட்டேன்னு நின்னுட்டாங்களாம், அதுவும் மேரி ஆன்ட்வனெட் பொண்ணோட கல்யாணம் நடக்க இருந்த வீட்டுல! அண்ணி உடனே "சரியாத்தான் செஞ்சிருக்கா"ன்னாங்க.

1808ல இங்கிலாந்து வந்தாங்க, அப்புறம் இந்த வீடு. படிக்கட்டு முழுக்க மரத்துல செதுக்கின சிலைங்க நிக்குது, ராத்திரி அதப் பாத்து ராணி பயந்துட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. பகல்லயே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துல கேக்கவே வேணாம். இங்கயேதான் 1810 நவம்பர் 13ல உடம்புல நீர் கோத்து போய்ச் சேந்தாங்க, 57 வயசு. புருஷனுக்கு சிம்மாசனம் கிடைச்சது இன்னும் நாலு வருஷம் கழிச்சு. மொதல்ல வெஸ்ட்மின்ஸ்டர் அபேல வெச்சு, அடுத்த வருஷம் சார்டீனியால காலியாரி கதீட்ரலுக்குக் கொண்டு போயிட்டாங்க, அவங்க அண்ணன் தம்பிக்குன்னு மிச்சம் இருந்த மண்ணு அதுதான்.

போறவங்க முன்னாடியே புக் பண்ணிடுங்க, நல்ல செருப்பு போட்டுக்கோங்க, தோட்டம் பெருசு, ஏரி வரைக்கும் நடக்கணும். திரும்பி வர டாக்ஸியும் அப்பவே சொல்லி வெச்சிடுங்க, நாங்க கூப்ட ஒரு டாக்ஸிக்காரர் (பேர் வேணாம்) நாப்பது நிமிஷம் நிக்க வெச்சார். அந்த நேரத்துல அண்ணி போன்ல காலியாரிக்கு ஃப்ளைட் பாத்துட்டு இருந்தாங்க. மொதல்ல இந்த டீ பில்லுல உங்க பங்க அனுப்புங்கன்னேன்.