சொகுசுக் காரில் ஹாம் ரேடியோ: மலையகப் பாதைக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

ஏ5 வீதியில் நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்குகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு வளைவில் போனில் சிக்னல் முழுதாக நிற்கும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவின் அலைக்கும் மலை குறுக்கே வந்தால் அதே கதிதான். அதனால் கொழும்பில் காருக்குச் செட் பொருத்துகிறவர் சொல்லும் யோசனை அட்டனிலோ பண்டாரவளையிலோ அப்படியே செல்லாது. கார் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ரேஞ்ச் ரோவர் என்று இருந்துவிட்டால் இன்னொரு சிக்கலும் சேருகிறது. அந்தக் கார்களில் பேட்டரியைத் தொட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். கூரை கண்ணாடியாக இருக்கும். பக்கத் தூண்களுக்குள் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஓட்டை போடுவது என்ற பேச்சுக்கே இங்கே பலர் இடம் கொடுப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. ஒரு காரை வருடக்கணக்கில் சொத்தாகப் பேணுகிறவரிடம் கூரையில் துளை போடச் சொன்னால் மனம் வராது. அது நியாயம்தான். ஆகவே இந்த அலசலில் துளை போடாத வழிகளுக்கே முதலிடம்.

நம் முன்னால் உள்ள போட்டி மூன்று: 5 வாட் கைசெட்டோடு வெளியே ஓர் அன்டெனா, காரிலேயே நிரந்தரமாக 50 வாட் விஎச்எஃப்–யுஎச்எஃப் செட் (பெரும்பாலும் பார்வைக்கோட்டில் போகும் அலைவரிசைகள்), வானில் பட்டுத் திரும்பும் குறுஅலைக்கான 100 வாட் செட். பலர் வாட்டைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மலை நாட்டில் அது பிழையான தராசு.

5 வாட்டா, 50 வாட்டா?

5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 10 டெசிபல் (அலையின் பல வித்தியாசத்தைச் சொல்லும் அலகு). கேட்பவர் செட்டின் சிக்னல் மீட்டரில் இரண்டு கோடுகூட முழுதாக ஏறாது. நடுவில் நிற்கும் ஒரு மலைமுகடு அதைவிடப் பல மடங்கு அலையைத் தின்றுவிடும். பாதையில் கொஞ்சம் முன்னே நகர்த்தி, பள்ளத்தாக்கு திறக்கும் வளைவில் காரை நிறுத்தினால் கிடைக்கும் லாபத்தை எந்த வாட்டும் தராது. தெளிவான பார்வைக்கோடு இருந்தால் 5 வாட் செட்டே நமுனுகுல மலைச் சரிவிலிருந்து வெகுதூரம் பேசும்.

அப்படியானால் கைசெட் போதுமா? நின்று பேசுகிறவருக்குப் போதும். ஓடிக்கொண்டே பேசுகிறவருக்குப் போதாது. கார் ஓடும்போது சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கும், அந்தக் குழிகளை நிரப்பத்தான் 10 டெசிபல் உதவுகிறது. சொல் நடுவில் அறுந்து போகாமல் ஒரு வாக்கியம் முழுதாகப் போய்ச் சேரும். கைசெட்டின் இன்னொரு குறை, காருக்குள்ளேயே அதன் குட்டி அன்டெனாவோடு பேசினால் உலோகக் கூடும் வெப்பம் தடுக்கப் பூச்சிட்ட கண்ணாடியும் அலையை உள்ளேயே அமுக்கிவிடும். சொகுசுக் கார்களின் முன்கண்ணாடியில் அந்த மெல்லிய உலோகப் பூச்சு சாதாரணம். கைசெட் வாங்குகிறவர் வெளி அன்டெனாவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அலைவரிசையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. முகட்டின் விளிம்பில் அலை வளைந்து மறுபக்கம் இறங்கும்; அதிர்வெண் குறையக் குறைய அந்த வளைவு நமக்குச் சாதகம். ஆகவே செட்டுக்குச் செட் நேராகப் பேசும்போது யுஎச்எஃபின் 435 மெகாஹெர்ட்ஸைவிட விஎச்எஃபின் 145 நமது பள்ளத்தாக்குகளுக்கு நல்லது. இரண்டும் உள்ள செட் வாங்குங்கள், பழகுவது 145இல் இருக்கட்டும்.

அன்டெனா: காந்தம், டிக்கி விளிம்பு, துளை

பணமும் கவனமும் அதிகம் போக வேண்டிய இடம் இது.

காந்த அடி உள்ள அன்டெனா மலிவு, ஒரு நொடியில் வைத்து எடுக்கலாம். ஆனால் அது ஒட்ட இரும்புத் தகடு வேண்டும். 2012க்குப் பிந்தைய ரேஞ்ச் ரோவரின் உடலே அலுமினியம். 2003க்குப் பிந்தைய ஜாகுவார் எக்ஸ்ஜே அப்படித்தான், ஆவுடி ஏ8உம் அப்படித்தான். காந்தம் சறுக்கிக் கீழே விழும். ஹோர்டன் சமவெளிக்குப் பழைய லேண்ட் ரோவரில் ஆள் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, அந்த போனட்டிலும் காந்தம் ஒட்டாது. இரும்புக் கூரையாக இருந்தாலும் பனிமூட்டத்தில் ஈரமும் மண்துகளும் காந்தத்தின் அடியில் சேர்ந்து, அதிர்வில் பெயின்டை அரைத்துவிடும். கதவு இடுக்கில் நசுங்கும் கேபிள் மழைநீரை உள்ளே இழுக்கும். தற்காலிகத்துக்கு மட்டும் என்பதே என் தீர்ப்பு.

டிக்கி மூடியின் விளிம்பில் சிறு திருகுகளால் பிடிக்கும் மௌண்ட்தான் எனக்குப் பிடித்தது. துளை இல்லை, திருகு கடிக்கும் இடம் மூடியின் உள்விளிம்பில் மறைந்துவிடும், பின்னால் விற்கும்போது தெரியாது. ஆனால் இரண்டு வேலையை விடக்கூடாது. ஒன்று, திருகு முனை பெயின்டைத் தாண்டி உலோகத்தைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் துரு பிடிக்காமல் கிரீஸ் பூச வேண்டும். இரண்டு, டிக்கி மூடி கீல் வழியாக மட்டும் உடலோடு இணைந்திருக்கிறது, கீலில் கிரீஸும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இருப்பதால் ரேடியோ அலைக்கு அது உறுதியான இணைப்பு அல்ல. மூடிக்கும் உடலுக்கும் இடையே ஓர் உலோகப் பின்னல் பட்டையைப் போட்டுவிடுங்கள். சில கார்களில் டிக்கி மூடியே பிளாஸ்டிக் அல்லது கூட்டுப்பொருள். வாங்கும் முன் ஒரு சிறு காந்தத்தையும் மல்டிமீட்டரையும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துளை போட்டுக் கூரை நடுவில் நிறுத்துவதுதான் மின்னியல் ரீதியில் சிறந்தது, அதில் மறுபேச்சு இல்லை. அகலக் கண்ணாடிக் கூரை உள்ள காரில் அந்த வாய்ப்பே கிடையாது.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்காரர் உங்களிடம் நீட்டுவது கெயின் அதிகமுள்ள, 1.25 மீட்டர் அளவில் வரும் எட்டில் ஐந்து அலை (அலைநீளத்தில் 5/8 பங்கு நீளமான) அன்டெனாவாக இருக்கும். சமவெளியில் அது நல்லது, அலையைத் தட்டையாக அமுக்கித் தொடுவானத்துக்கு அனுப்பும். ஆனால் நாம் கொத்மலைப் பள்ளத்தில் நின்று தலைக்கு மேலே தெரியும் உச்சியில் உள்ள ரிப்பீட்டரோடு (அலையை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) பேசுகிறவர்கள். தட்டையாகப் போகும் அலை எதிர்மலையின் வயிற்றில் மோதும். 49 சென்டிமீட்டர் உள்ள சாதாரண கால் அலைக் கம்பி அலையை அகலமாக, மேல்நோக்கியும் அனுப்புகிறது. தோட்டப் பாதையில் தாழ்ந்து நிற்கும் கிளைகளிலும் மாட்டாது. விலையும் குறைவு. மலையகத்துக்கு இதையே எடுங்கள்.

பல மெர்சிடிஸ் உரிமையாளர் கையேடுகளில் அன்டெனா பொருத்தலாம் என்று அனுமதித்த இடங்களும் உச்சவரம்பு வாட்டும் பட்டியலாகவே தரப்பட்டிருக்கின்றன: 2 மீட்டர் அலைவரிசைக்கு (மேலே சொன்ன 145) 50 வாட், 70 சென்டிமீட்டருக்கு (435) 35, குறுஅலைக்கு 100. பின்சக்கரத்து மட்கார்டில் பொருத்துவதானால் பாதையின் நடுப்பக்கம் பார்த்த பக்கத்தில் வைக்க அந்தக் கையேடுகள் சொல்கின்றன. கராஜில் யாராவது “இதெல்லாம் பென்ஸில் பொருத்தக்கூடாது” என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

மின்சாரம்: பேட்டரியா, சிகரெட் சொக்கெட்டா, தனிப் பெட்டியா?

50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், குறுஅலை 100 வாட் செட் 20ஐத் தாண்டும். சிகரெட் சொக்கெட் கைசெட் சார்ஜ் பண்ண மட்டும்தான். அதில் 50 வாட்டை மாட்டினால் மெல்லிய வயரில் வோல்ட் விழும், குரல் உடையும், பியூஸும் போகும்.

பேட்டரியிலிருந்து நேராக இழுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பிஎம்டபிள்யூக்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும். லைனிங்கைக் கழற்றினால் நெகட்டிவ் முனையில் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய வயர். பேட்டரிக்குள் போய் வரும் ஒவ்வொரு ஆம்பியரையும் எண்ணும் சென்சார் அது. இந்த வேலையை ஒரு வயரிங் தம்பியோடு செய்தபோது அவர் கேட்டார்:

“அண்ணே, பொசிட்டிவ மாதிரி நெகட்டிவையும் பேட்டரித் தலையிலேயே மாட்டிருவமா?”

“வேணாம் தம்பி. அங்க மாட்டினா செட் இழுக்கிற கரன்ட் சென்சாருக்குத் தெரியாமப் போயிரும். கம்ப்யூட்டர் பேட்டரி நிறைஞ்சிருக்குன்னு நெனச்சு சார்ஜக் குறைச்சிரும். சென்சாருக்கு அந்தாண்ட, கேபிள் கார் பொடியில இறங்குற போல்ட் இருக்குதானே, அதுல மாட்டுங்க.”

பொசிட்டிவ் வயரில் பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயர் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து செட்டின் முனையில் இல்லை, பாதி வழியில்தான் இருக்கிறது. செட்டின் உடலை டிக்கியில் வைத்து, கழற்றக்கூடிய முகத்தை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். அந்தக் கேபிளைக் கதவு வாசல்தகட்டின் கீழே ஓட்டுங்கள். கூரை ஓரத்திலும் தூண்களிலும் காற்றுப்பை இருக்கிறது, அங்கே எதுவும் போகக்கூடாது. ஹைபிரிட் காராக இருந்தால் ஆரஞ்சு நிற வயருக்குக் கிட்டவே போகாதீர்கள், அது உயிரைக் குடிக்கும் வோல்டேஜ்.

மூன்றாவது வழி தனி லித்தியம் பேட்டரிப் பெட்டி. 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டியைக் கையில் தூக்கலாம். கேட்பது அதிகம், பேசுவது குறைவு என்ற பழக்கத்தில் 50 வாட் செட் அதில் அரை நாளாவது ஓடும். காரின் வயரைத் தொடவே வேண்டாம், உத்தரவாதம் பற்றிய பேச்சும் எழாது. இன்னும் உத்தரவாதத்தில் உள்ள காருக்கு இதையே முதலில் சொல்வேன்.

குறுஅலை காருக்குள் வேண்டுமா?

வேண்டாம். குறுஅலை வேண்டும், காருக்குள் வேண்டாம்.

இலங்கையின் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீட்டர். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேரே மேலே அனுப்பினால் அது வானின் உயரத்தில் உள்ள அயனமண்டலத்தில் பட்டுக் குடைபோல நாடு முழுவதும் இறங்கும். மலை தடுக்காது, ரிப்பீட்டர் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையைக் கொழும்போடு ஹாம்கள் இணைத்தது குறுஅலையில்தான். மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடர்பு வேறில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டக் குடியிருப்பு லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. பாதை மூடி, மின்சாரம் நின்று, போன் கோபுரமும் படுத்துவிட்டால் யாருக்கு என்ன தேவை என்பதைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே சொல்ல மலைக்குள் ஆட்கள் வேண்டும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் இத்தனை பிடிப்பு வந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் காரில் நிற்கும் செங்குத்துக் கம்பி நேர்மேலே அலையை அனுப்பாது. 7 மெகாஹெர்ட்ஸில் அத்தனை குட்டைக் கம்பிக்குப் போகும் சக்தியில் பெரும்பகுதி சுருளிலும் தரையிலும் வெப்பமாகிவிடும். போதாததற்குச் சொகுசுக் காரின் எல்இடி விளக்கு, பம்பு, ஹைபிரிட் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து குறுஅலையில் இரைச்சலைக் கிளப்பும். கழுத்துவலி வரும்வரை வயர்களில் பெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினாலும் முழுதாகப் போகாது. அதே செட்டை லித்தியம் பெட்டியோடு ஒரு பையில் வைத்திருந்து, காரை நிறுத்தி, 20 மீட்டர் வயரின் நடுவில் செட்டின் கேபிளை இணைத்து, இரண்டு நிழல் மரங்களுக்கு இடையே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் அலை மேலே போகும், இரைச்சலும் இராது. எஞ்சினை அணைத்துவிட்டே பேசலாம். பாதை உடைந்து கார் போகாத இடத்துக்கும் பையைத் தோளில் போட்டு நடக்கலாம்.

வாங்கும் வரிசை

என் தேர்வு: டிக்கியில் 50 வாட் செட், விளிம்பு மௌண்ட், கால் அலைக் கம்பி. அதற்குப் பின் கையில் காசு சேரும்போது குறுஅலைப் பை. காந்த அன்டெனாவோடு கைசெட் புதியவருக்கான தொடக்கம், வாடகைக் காரில் போகிறவருக்கும் சரி.

எதற்கும் முன்னால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி (உங்கள் நிலையத்தின் பெயர்) பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து செட் கொண்டுவரவும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. சாமான் சுங்கத்தில் வந்து நின்றபின் ஓடுவதைவிட முன்பே எழுதிக் கேளுங்கள்.

பொருத்தி முடித்ததும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அன்டெனா செட்டோடு பொருந்துகிறதா என்று காட்டுவது) டிக்கி மூடியிருக்கும்போது பாருங்கள், மழையில் நனைந்தபின் மறுபடி பாருங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் மெதுவாகப் போய், ரிப்பீட்டர் திறக்கும் வளைவுகளையும் கிலோமீட்டர் கல்லையும் ஒரு தாளில் குறித்து செட்டோடு வையுங்கள். இருட்டில், கொட்டும் மழையில் எந்த வளைவில் நிறுத்த வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லும்.