சமைத்துப் போடுவதா, கொண்டு வரச் சொல்வதா, கூடிச் சமைப்பதா?

குன்னூரில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடுகிறோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபது பேர் தேறும். ஆரம்பத்தில் கூப்பிட்ட வீடே எல்லாவற்றையும் சமைத்தது. அப்புறம் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வரும் பாட்லக் முறைக்கு மாறினோம். இப்போது சில மாதங்களாக அரிசி, பருப்பு, காய் எல்லாம் கொண்டு வந்து ஒரே அடுப்படியில் கூட்டாஞ்சோறு போலச் சமைக்கிறோம். மூன்றிலும் சமைத்தவள், மூன்றிலும் சாப்பிட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரரே சமைத்துப் போடுவதில் ஒரு நிறைவு இருக்கிறது, மறுக்க முடியாது. வந்தவர் கை கழுவி உட்கார்ந்தால் போதும். எல்லாம் சுடச்சுட வரும். ஆனால் இருபது பேருக்குச் சமைப்பவள் அன்று யாரோடும் பேச முடியாது. முன்னறையில் கேட்கிற சிரிப்புக்கு என்ன காரணம் என்று மறுநாள்தான் தெரியும். மலையில் வேலையும் கூடுதல். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. குன்னூரிலும் குக்கர் இல்லாமல் கதையில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. முதல் வீடு மூன்று கறி வைத்தது, அடுத்த வீடு ஐந்து வைத்தது. ஒரு வீட்டுக்காரர்கள் தங்கள் முறை வரும் மாதத்தில் ஊருக்குப் போவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அது பணக் கஷ்டம் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு முறை தேவைப்பட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆனாலும் கீழிருந்து வருகிற விருந்தாளிக்கு இந்த முறைதான் சரி. 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அதை எடுத்து, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தலைசுற்றலோடு வந்து இறங்குகிறவரிடம் "என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்க முடியுமா? முதல் முறையாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான்.

பாட்லக் பேச்சை எடுத்தபோது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு சோத்தையும் அவங்களையே தூக்கிட்டு வரச் சொல்லுவியா?" என்றார். நான் அவர் வழக்கத்தையே நினைவுபடுத்தினேன். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அவர் ஒரு நாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். "சரி, செஞ்சு பாரு" என்று விட்டுவிட்டார்.

முதல் தடவை மூன்று வீடுகளிலிருந்து எலுமிச்சை சாதம் வந்தது. "உங்களுக்குத் தோணினதைக் கொண்டு வாங்க" என்று நான் சொன்னதுதான் தப்பு. யார் என்ன செய்வது என்பதை வீட்டுக்காரர் இரண்டு நாள் முன்பே கேட்டு முடிவு செய்துவிட வேண்டும். அன்று சோறு, ரசம், வெந்நீர் மூன்றும் அவர் பொறுப்பு. சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கறிக்குழம்புக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. சமைக்கத் தெரியாத, தனியாக இருக்கிற பையன்களிடம் வர்க்கி வாங்கி வரச் சொன்னால் போதும். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தேநீரோடு அதுவும் நல்ல விருந்துதான்.

குளிரை மட்டும் எங்களால் வெல்ல முடியவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். அவியல் நான்கு வீடு தள்ளி வருவதற்குள் மேலே வெள்ளையாகப் படிந்துவிட்டது. படகர் வீட்டு அக்கா கொண்டு வந்த ராகிக் களி கல்லாக இறுகிப்போனது. அவரைக் குழம்பு மட்டும் சுட வைத்ததும் பழைய ருசிக்கு வந்தது. புளிசாதம், சுண்டல், சப்பாத்தி தாங்கும். மற்றதெல்லாம் இரண்டு பர்னர் அடுப்பின் முன்னால் வரிசையில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. யாரும் தொடாத பாத்திரத்தைத் திரும்ப எடுத்துப்போகிறவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் வீட்டுக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, செய்தவர் எதிரிலேயே சாப்பிட வேண்டும். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். மிச்சத்தை அவரவர் பாத்திரத்திலேயே திருப்பி அனுப்பாமல், எல்லாவற்றிலும் கொஞ்சம் கலந்து எல்லா வீட்டுக்கும் தூக்குவாளியில் போட்டுக் கொடுப்பது எங்கள் பழக்கம். வெளியே கொட்டவே கூடாது, வாசனைக்குக் கரடி வரும். ஒருமுறை ஓட்டலில் பார்சல் வாங்கிப் பணத்தைப் பங்கிட்டோம். வயிறு நிறைந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கூடிச் சமைப்பதில் குளிர்ப் பிரச்சினையே கிடையாது. அடுப்பைச் சுற்றித்தான் எல்லோரும் இருப்பார்கள். பிள்ளைகள் பட்டாணி உரிக்கும், ஆண்கள் பூண்டு உரிப்பார்கள், களியை அக்கா இறக்கின கையோடு பரிமாறுவார். ஒருவர் தன் தோட்டத்துக் கேரட், பீன்ஸ் கொண்டு வருவார், ஒருவர் அரிசி, ஒருவர் வெறும் கையுதவி. எந்தக் கறி யாருடையது என்ற பேச்சே எழாது. முறை வரும்போது ஊருக்குப் போன அந்த வீட்டுக்காரர்கள் இப்போது ஒரு மாதமும் தவறுவதில்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு அதுவே போதும்.

கஷ்டம் இல்லாமலில்லை. நான்கு மணிக்கே தொடங்க வேண்டும். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், இருட்டினால் பாதையில் காட்டுமாடு நிற்கும். தன் அடுப்படியில் பிறர் புழங்குவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முறை வரும்போது பாட்லக்தான், வற்புறுத்துவதில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும் முன் வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும். பாத்திரம் கழுவுவதை அவள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பக் கூடாது.

இந்த மாதம் எங்கள் வீட்டு முறை. ரசம் தான்தான் வைப்பேன் என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார்.