வெப் ஆப்ல வீடியோ அப்லோட் பண்ணித் தரோம்னு ஏமாத்துறாங்க, ஃபைனல் பேமென்ட் குடுக்கறதுக்கு முன்னாடி படிங்க

டான்ஸ் கிளாஸ், மியூசிக் கிளாஸ், டியூஷன் சென்டர்னு எதாச்சும் நடத்திட்டு சொந்தமா வெப் ஆப் வெச்சிருக்கவங்க, இல்ல பண்ண ஆள் தேடிட்டு இருக்கவங்க இத முழுசா படிங்க. எங்கள ஏமாத்தின ஏஜென்சி பேர் இங்க போடல, புகார் குடுக்கப் போறோம், அதுவரைக்கும் வெளில போட வேணாம்னு வக்கீல் சொல்லிருக்காரு. ஆனா அவங்க என்னென்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சா வேற யாரு இதே வேலைய பண்ணாலும் நீங்க பிடிச்சிடலாம்.

எங்க அக்கா திருச்சில பரதநாட்டியம் சொல்லித் தராங்க. லாக்டவுன்ல ஆரம்பிச்ச ஆன்லைன் பேட்ச் அப்படியே வளந்து இப்ப சிங்கப்பூர், கனடாலேந்தெல்லாம் பிள்ளைங்க கத்துக்கறாங்க. பிள்ளைங்க வீட்ல ப்ராக்டிஸ் பண்ற வீடியோவ அம்மா அப்பா ஏத்தணும், அக்கா அத பாத்துட்டு எங்க அரைமண்டி குறையுது, எங்க தாளம் விடுதுன்னு அந்தந்த செகண்ட்ல குறிப்பு போடணும், இவ்ளோதான் தேவை. வாட்ஸ்அப்ல அனுப்பினா அமுக்கி மங்கலாக்கிடுது, முத்திரையே தெரிய மாட்டேங்குது. ஃபீஸ், அட்டெண்டன்ஸ்க்கு ஏற்கனவே ஒரு ஆப் இருந்துச்சு, அதுலயே வீடியோவ சேக்கத்தான் இந்த ஏஜென்சிகிட்ட போனோம். அப்லோட், டிரான்ஸ்கோடிங் (வீடியோவ எல்லா எடத்துலயும் ஓடற ஃபார்மேட்டுக்கு மாத்தறது), ஸ்ட்ரீமிங், பாதுகாப்பான ஸ்டோரேஜ்னு கொட்டேஷன்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ரேட் போட்டிருந்தாங்க, பாதி பணம் அட்வான்ஸ்.

டெமோ காட்டினப்ப அவங்க லேப்டாப், அவங்க ஆபீஸ் வைஃபை, அவங்களே வெச்சிருந்த குட்டி கிளிப். டக்குனு ஏறிச்சு, டக்குனு ஓடிச்சு. பிளேயர்ல 360, 480, 720னு குவாலிட்டி மெனு கூட இருந்துச்சு. அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம், ரெண்டாவது தவணையும் போயிடுச்சு.

பேரன்ட்ஸ் ஏத்த ஆரம்பிச்சதும் தான் எல்லாம் வெளில வந்துச்சு. ஐபோன்ல 1080பில எடுத்தா ஒரு நிமிஷத்துக்கே சுமார் 60 எம்பி, 4கேல எடுத்தா 170 எம்பி கிட்ட வரும், ஒரு ஜதிஸ்வரம் ஏழு நிமிஷம் ஆடினா 400 எம்பிலேந்து ஒரு ஜிபிக்கு மேல வரைக்கும் போயிடும். இவங்க அந்த மொத்த ஃபைலையும் ஒரே ரிக்வெஸ்ட்ல சர்வருக்கு அனுப்புற மாதிரி வெச்சிருந்தாங்க, நடுவுல ஒரு செகண்ட் நெட் போச்சுன்னா 90 சதவீதத்துல இருந்தாலும் மறுபடி சைபர்லேந்து ஆரம்பிக்கணும். சில பேருக்கு 413னு ஒரு எரர் வந்துச்சு, அது என்னன்னா சர்வர்ல வெச்சிருக்கற அளவுக்கு மேல ஃபைல் போனா திருப்பி அனுப்பிடும், என்ஜின்எக்ஸ்ங்கற சர்வர் சாஃப்ட்வேர்ல நாம மாத்தலன்னா அந்த அளவு 1 எம்பி தான், வீடியோ வேலை பண்றவங்க மொதல்ல மாத்த வேண்டிய செட்டிங் அது. கேட்டா "உங்க பேரன்ட்ஸ் நெட் ஸ்லோ சார்"னு எங்க மேலயே திருப்பிட்டாங்க. கைக்குழந்தைய வெச்சுகிட்டு ராத்திரி முழுக்க போன சார்ஜ்ல போட்டு ஏத்திப் பாத்த அம்மாங்க இருக்காங்க, அவங்க நெட்டுல ஒரு குறையும் இல்ல.

முறையா பண்ணா ஃபைல துண்டு துண்டா வெட்டி அனுப்பணும், எந்த துண்டு போகலயோ அத மட்டும் திருப்பி அனுப்பினா போதும். அமேசானோட கிளவுட் ஸ்டோரேஜான எஸ்3லயே மல்டிபார்ட் அப்லோட்னு இருக்கு, கடைசி துண்ட தவிர ஒவ்வொண்ணும் குறைஞ்சது 5 எம்பி, மொத்தம் 10,000 துண்டு வரைக்கும் போகலாம். விட்ட எடத்துலேந்து தொடர டஸ்னு இலவசமா ஒரு புரோட்டோகாலே இருக்கு. இதெல்லாம் புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லங்க.

கஷ்டப்பட்டு ஏறின வீடியோவும் ஓடல. ஐபோன்ல எடுத்து லேப்டாப்புக்கு மாத்தி அங்கேந்து ஏத்தினவங்க வீடியோல அக்காவுக்கு சத்தம் மட்டும் கேக்குது, படம் கருப்பா இருக்கு. 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுலேந்து ஐபோன் ஹெச்இவிசிங்கற ஃபார்மேட்ல ரெக்கார்ட் பண்ணுது, பழைய லேப்டாப் நிறையதுல குரோம் அத ஓட்டாது. அதுக்குத்தானே டிரான்ஸ்கோடிங்குக்கு காசு குடுத்தோம், எந்த போன்லேந்து எப்படி வந்தாலும் எல்லா எடத்துலயும் ஓடற எச்.264க்கு மாத்தி வெக்கறதுதான அந்த வேலையே. அவங்க பதில், "மேடம் லேப்டாப்ல கோடெக் இன்ஸ்டால் பண்ணிக்க சொல்லுங்க". இன்னும் சில வீடியோ ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். எம்பி4 ஃபைல்ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை பல சமயம் கடைசில இருக்கும், அத முன்னாடி கொண்டு வந்து வெக்கலன்னா கிட்டத்தட்ட முழு ஃபைலும் இறங்கற வரைக்கும் காத்துகிட்டே இருக்க வேண்டியதா போயிடலாம். வீடியோ மாத்தற எஃப்எஃப்எம்பெக்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஃபாஸ்ட்ஸ்டார்ட்னு ஒரே ஒரு ஆப்ஷன் சேத்தா முடிஞ்சிடும்.

இங்கதான் எனக்கு சந்தேகம் வந்து, சாஃப்ட்வேர்ல இருக்கற எங்க மாமா பையன்கிட்ட காட்டினேன். ஒரு வீடியோவ ஏத்தினான், ஸ்டோரேஜ்லேந்து அதையே திருப்பி இறக்கினான், ரெண்டையும் வெச்சு பாத்தா ஒரு பைட் கூட மாறல. மாத்தியிருந்தா சைஸாவது மாறணும்ல. அப்பறம் அந்த குவாலிட்டி மெனுவ பாத்தான். 360, 480, 720 மூணும் ஒரே ஃபைலுக்கு தான் போகுது! சும்மா பேர் மட்டும் போட்டு மெனு வெச்சிருக்காங்க. தெரியாம விட்டதுன்னு இத என்னால ஒத்துக்க முடியாது, ஒருத்தர் உக்காந்து ஏமாத்தணும்னே எழுதினாதான் இப்படி ஒரு மெனு வரும். ஸ்ட்ரீமிங்னா வீடியோவ ஆறு செகண்ட் மாதிரி சின்ன சின்ன துண்டா நாலஞ்சு குவாலிட்டில வெட்டி வெச்சு, நெட் வேகத்துக்கு ஏத்தாப்ல பிளேயரே மாத்தி மாத்தி எடுத்துக்கும், ஆப்பிள் 2009லயே ஹெச்எல்எஸ்னு குடுத்தது. எங்க ஆப்ல அந்த துண்டுகளோட பட்டியல் இருக்கற எம்3யு8 ஃபைல் ஒண்ணு கூட இல்ல.

சண்டை போட்டதும் அவசரமா எதையோ வெச்சு எல்லா வீடியோவையும் மாத்திக் குடுத்தாங்க, அது இன்னும் மோசம். போன் வீடியோல ஃப்ரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, வெளிச்சம் கம்மியானா குறையும், அத கணக்குல எடுக்காம மாத்தினா போகப் போக சத்தமும் படமும் விலகிடும். தட்டடவு ஆடற பிள்ளையோட கால் கீழ வந்தப்பறம் தட்டற சத்தம் கேக்குது. முதல் காலத்துல கூட சமாளிக்கலாம், வேகமான மூணாம் காலத்துல தப்பு பண்றது பிள்ளையா வீடியோவான்னு அக்காவுக்கே தெரியல. சரியா ஆடின ஒரு பொண்ண தாளம் தப்புன்னு திருத்திட்டாங்க, அது அழுதுடுச்சு. நாட்டியத்துல வீடியோவுக்கு உயிரே அந்த தாளம்தான், அதையே கெடுத்துட்டு "பாருங்க சார் இப்ப ஓடுதுல்ல"ன்னு சொல்றாங்க.

இதெல்லாம் கூட விட்டுடலாம். அடுத்தது விட முடியாது. வீடியோக்கள் இருந்த பக்கெட் (எஸ்3ல ஃபைல்கள போட்டு வெக்கற பெட்டி மாதிரி) பப்ளிக்கா திறந்து கெடந்துச்சு, ஃபைல் பேரும் 1, 2, 3னு வரிசையா. லாகின் இல்லாம, லிங்க்ல நம்பர மட்டும் மாத்திகிட்டே போனா ஒவ்வொரு பிள்ளையோட வீடியோவும் ஓடுது. எல்லாம் சின்ன பொண்ணுங்க, அவங்க வீட்டு ஹால்ல ஆடறது. 2023 ஏப்ரல்லேந்து எஸ்3ல புது பக்கெட் எது ஆரம்பிச்சாலும் பப்ளிக் ஆக்சஸ் தானாவே பிளாக் ஆகித்தான் இருக்கும், எங்க பக்கெட் அதுக்கப்பறம் ஆரம்பிச்சது, அப்ப யாரோ போய் அந்த பூட்ட கழட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம். பாதுகாப்பான ஸ்டோரேஜ்னு தனியா காசு வாங்கினவங்க பண்ண வேலை இது. ப்ரீசைன்டு லிங்க் குடுத்திருந்தா குறிப்பிட்ட நேரம் ஆனதும் அந்த லிங்க் தானா செத்துடும்.

தெரிஞ்ச அன்னிக்கே எல்லாத்தையும் மூட வெச்சு, எல்லா பேரன்ட்ஸுக்கும் அக்காவே போன் பண்ணி சொன்னாங்க. வேற யாராச்சும் பாத்திருப்பாங்களா டீச்சர்னு கேட்டாங்க. எங்களால பதில் சொல்ல முடியல, ஏன்னா யாரு எப்ப பாத்தாங்கன்னு பதியற லாகிங்க அவங்க ஆன் பண்ணவே இல்ல, அது நாமளா ஆன் பண்ணாதான் வேலை செய்யும். இன்னொண்ணு, 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாருமே குழந்தைதான், விவரத்த பாதுகாக்கற பொறுப்பு அத சேகரிக்கற கிளாஸ் மேலதான் வரும், நாம காசு குடுத்து வெச்ச ஏஜென்சி மேல இல்ல. கிளாஸ் நடத்தற பல பேருக்கு இது தெரியாது.

யாரு பண்ணிக் குடுத்தாலும் கடைசி பணத்த குடுக்கறதுக்கு முன்னாடி உங்க போன்ல நீங்களே எடுத்த பெரிய 4கே வீடியோவ மொபைல் டேட்டால ஏத்துங்க, பாதில ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்க, விட்ட எடத்துலேந்து தொடருதான்னு பாருங்க. அத ஒரு பழைய லேப்டாப்ல, ஒரு ஆண்ட்ராய்டுல, ஒரு ஐபோன்ல ஓட்டுங்க. குவாலிட்டிய மாத்தி மாத்தி படம் நிஜமாவே மாறுதான்னு பாருங்க. வீடியோ அட்ரஸ காப்பி பண்ணி மறுநாள் லாகின் இல்லாம வேற போன்ல திறங்க, ஓடிச்சுன்னா பூட்டே இல்லன்னு அர்த்தம். கிளவுட் அக்கவுண்ட் கண்டிப்பா உங்க மெயில் ஐடில, உங்க கார்டுல இருக்கணும். எங்களோடது அவங்க பேர்ல இருக்கு, பிள்ளைங்க வீடியோவ எங்ககிட்ட ஒப்படைக்க "மைக்ரேஷன் சார்ஜ்"னு தனியா காசு கேக்கறாங்க.

பாக்கி பணத்த நிறுத்திட்டோம், வக்கீல் நோட்டீஸ் போயாச்சு. பொழப்புக்காக சுயதொழிலா நடத்தறவங்களும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நுகர்வோரா வரலாம், பிசினஸ்னு சொல்லி உங்கள யாராச்சும் தட்டிக் கழிச்சா அப்படியே நம்பிடாம வக்கீல்கிட்ட கேளுங்க, குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையத்துல ஃபீஸ் கூட கெடையாது, 1915க்கு போன் பண்ணா வழி சொல்லுவாங்க. கொட்டேஷன், பேமென்ட் ரசீது, அந்த மெனுவோட ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எல்லாம் எடுத்து வெச்சிருக்கோம். வீடியோ எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டு அவங்க பக்கம் ஒரு காப்பி கூட இல்லாம அழிச்சிட்டோம்னு எழுதிக் குடுக்கணும், மொதல்ல அதத்தான் கேட்டிருக்கோம், பணமெல்லாம் அப்பறம்.