ஊரில் எடுத்த கொலோனோஸ்கோப்பி: ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பலர் கொலோனோஸ்கோப்பியையும் (கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) அங்கேயே முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். செய்துகொள்வது நல்லதுதான். ஆனால் கையில் தரும் ரிப்போர்ட்டில் 'பெருங்குடல் நார்மல்' என்ற ஒரே வரிதான் இருக்கிறது என்றால் அது போதாது. எவ்வளவு தூரம், எவ்வளவு தெளிவாகப் பார்த்துவிட்டு நார்மல் என்றார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

பாதி வெற்றி குடல் சுத்தத்தில் இருக்கிறது. பேதி மருந்து முழுவதையும் முந்தைய மாலையே குடித்துவிட்டால், இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் வலப்பக்கக் குடலில் படிந்துவிடும். கண்ணுக்கு எளிதில் சிக்காத தட்டைப் பாலிப்கள் (குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள்) அதிகம் இருப்பதும் அங்கேதான். அதனால் பாதியை மாலையில் குடித்துவிட்டு, மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்குங்கள். 2 மணி நேரம் முன்பே குடித்து முடித்திருக்க வேண்டும். காலை 7 மணிக்குப் பரிசோதனை என்றால் நள்ளிரவு தாண்டி எழ வேண்டியிருக்கும். முடிந்தால் முற்பகல் கடந்த நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போக வேண்டும். பழுப்பாகக் கலங்கிப் போனால் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சுத்தத்துக்கு பாஸ்டன் அளவுகோலில் மதிப்பெண் உண்டு. குடலின் வலப்பக்கம், நடு, இடப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மூன்றிலும் குறைந்தது 2 வர வேண்டும். மொத்தம் 7 வாங்கியும் வலப்பக்கம் 1 என்றால் அந்தப் பகுதியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே பொருள்; பரிசோதனையை ஓராண்டுக்குள் திரும்பச் செய்ய வேண்டும்.

குழாய் பெருங்குடலின் தொடக்கம் வரை போனதற்குக் குடல்வால் துளையின் படமே சாட்சி. அங்கிருந்து வெளியே இழுக்கும்போதுதான் பாலிப் தேடுகிறார்கள். பாலிப் எதுவும் அகற்றாத பரிசோதனையில் இதற்கு 6 நிமிடமாவது வேண்டும் என்பது பழைய கணக்கு, 2024இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் அதை 8 ஆக்கின. 45 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 35 பேரிடமாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்பை மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த அளவு. உங்கள் மருத்துவரின் விகிதம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

தேதியைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம், பயாப்சி முடிவு வரவும் சில நாள் ஆகும். அந்த முடிவையும் படங்களையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்; அடுத்த பரிசோதனை 3 ஆண்டிலா 10 ஆண்டிலா என்பதை உங்கள் மருத்துவர் அவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்.