பழைய மடக்கு கேம்பர்: துணிச் சுவரா, பலகைச் சுவரா?

அமெரிக்காவில் பழைய கேம்பர் (காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் வண்டி) தேடும் நம்மவர்கள் பலரிடம் இருப்பது டொயோட்டா சியன்னா மாதிரி ஒரு வேன். அது இழுக்கும் எடை அதிகபட்சம் 3,500 பவுண்ட். அதற்குள் அடங்க வேண்டும், வீட்டு கராஜுக்குள்ளும் நுழைய வேண்டும் என்றால் இரண்டு வகைதான் மிஞ்சும். ஒன்று, கூரையைக் கைப்பிடியால் சுற்றி உயர்த்தி, இரு பக்கமும் படுக்கையை வெளியே இழுத்துவிடும் கேன்வாஸ் பாப்-அப். கோல்மன், ஜேக்கோ, ஸ்டார்கிராஃப்ட் என்று எங்கு பார்த்தாலும் கிடைக்கும். இன்னொன்று, இரண்டு கூரைப் பலகைகள் சாய்ந்து முக்கோணமாக எழுந்து நிற்கும் ஏ-ஃப்ரேம். ஏலைனர் இதில் பழைய பெயர்.

படுக்கைக் கணக்கில் போட்டியே இல்லை. 12 அடி நீளப் பெட்டி உள்ள கேன்வாஸ் வண்டியில் ஆறு பேர் படுக்கலாம். ஏ-ஃப்ரேமில் இரண்டு பேர் சௌகரியமாக, மூன்றாவதாக ஒரு குழந்தை கொஞ்சம் முனகலோடு. அதிலும் நடுவில்தான் நிமிர்ந்து நிற்க முடியும். ஓரத்துக்குப் போனால் தலை இடிக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் வீடென்றால் கேன்வாஸ்தான். ஆனால் அதன் பக்கவாட்டுப் படுக்கைகள் நெஞ்சளவு உயரம். முட்டி வலிக்காரர்களை அதில் ஏறச் சொல்லாதீர்கள். சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கி அதை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, நான்கு பேர் குடும்பம், எப்படியும் சமாளிப்போம் என்பவர்கள் எதை வைத்து முடிவு செய்வது? என்னைக் கேட்டால், வண்டியைக் காயவைக்க இடம் இருக்கிறதா என்பதை வைத்து. ஞாயிற்றுக்கிழமை காலை மழையில் கேன்வாஸை மடித்து வைத்தால், வீட்டுக்கு வந்ததும் அடுத்த நாளுக்குள் திறந்து, படுக்கைகளை இழுத்து, முழுக்கக் காயவைத்தே ஆக வேண்டும். விட்டால் பூசணம். கறுப்புப் புள்ளி ஒருமுறை துணிக்குள் இறங்கிவிட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் தடம் போகாது. அபார்ட்மென்டில் இருப்பவர்களும், வாசலில் டிரெய்லர் நிற்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்க விதி உள்ளவர்களும் இதை எங்கே விரிப்பார்கள்? ஏ-ஃப்ரேமுக்கு இந்தக் கவலையே இல்லை. மழையில் மடக்கலாம், உள்ளே சிந்திய நீரைத் துடைத்தால் போதும். விரிப்பதும் சில நிமிட வேலை. கேன்வாஸுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வாங்கப் போகும்போது எல்லோர் கண்ணும் துணி மேலேயே இருக்கும். கிழிசல், ஜிப், வலை. ஆனால் துணி மாற்றக்கூடிய பொருள். முழு செட் வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகலாம், ஆனால் கிடைக்கும். கூரை அப்படியில்லை. 1990-களின் பின்பாதியிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை வந்த கோல்மன் வண்டிகள் பலவற்றில் ஒரே அச்சாக வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் கூரை. அது விரிசல் விடுவதற்குப் பெயர்போனது. விரிசலை அடைத்து, பிக்கப் டிரக்கின் பின்தட்டுக்குப் பூசும் தடித்த பூச்சைப் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். புதிதாகப் பூச்சுப் பூசிய கூரையைப் பார்த்தால் கீழே என்ன இருந்தது என்று கேளுங்கள். கோல்மன் 1967-ல் பென்சில்வேனியாவில் இவற்றைச் செய்யத் தொடங்கியது, 1989-ல் ஃப்ளீட்வுட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது, 2009-ல் ஃப்ளீட்வுட்டும் திவாலானது. ஆனாலும் விற்ற வண்டிகள் ஏராளம் என்பதால் உதிரிபாகத்துக்கு இன்னும் பஞ்சமில்லை.

கூரையை நீங்களே சுற்றி ஏற்றிப் பாருங்கள். நான்கு மூலையும் ஒன்றாக எழ வேண்டும். ஒரு மூலை பின்தங்கினால் கம்பி வடத்திலோ கப்பியிலோ கோளாறு. பழைய வண்டிகளில் இறக்கும்போது கூரை உட்கார்ந்த பிறகும் சுற்றிக்கொண்டே போனால் வடம் தளர்ந்து தலைகீழாகச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அடுத்து, மெத்தைகளைத் தூக்கி ஒட்டுப்பலகையில் நீர்க்கறை பாருங்கள். தரையின் நான்கு மூலைகளிலும் குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் இற்றுப்போயிருக்கிறது. பேரம் பேசாமல் கிளம்பலாம்.

ஏ-ஃப்ரேமில் சுவரும் கூரையும் ஒன்றே என்பதால் அதுவே பலம், அதுவே பயம். உள்ளே நுரை வைத்து ஒட்டிய பலகை. நீர் புகுந்தால் மேல்தோல் உப்பிப் பிரியும். உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள், கொப்புளம் தட்டுப்படும். பலகைகள் சேரும் உச்சியில் உள்ள ரப்பர் பட்டையும் கீல்களும் கசிவின் வழக்கமான இடங்கள். பட்டை மாற்றுவது எளிது, உப்பிய பலகை பெரிய செலவு. பலத்த காற்றில் திறக்கும்போது பலகை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

குளிரில் ஏ-ஃப்ரேம் ஜெயிக்கும். கேன்வாஸில் ஹீட்டர் இரவெல்லாம் ஓடி பேட்டரியைத் தின்றுவிடும். கரடிப் பகுதியிலும் ஏ-ஃப்ரேமுக்கே சாதகம்: எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிச் சுவர் வண்டிக்கு இடமில்லை. கோடையில் நிலைமை தலைகீழ், நாலு பக்கமும் வலை திறந்த கேன்வாஸுக்கு ஈடு கிடையாது. சமையலை மட்டும் எதிலும் உள்ளே வைக்காதீர்கள். துணியில் ஏறிய வெங்காயத் தாளிப்பு வாசனை அடுத்த பயணத்திலும் வரவேற்கும். பழைய பாப்-அப்கள் பலவற்றில் அடுப்பைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டும் வசதி உண்டு, விற்பவரிடம் கேளுங்கள்.

டயர் இரண்டுக்கும் பொது. பக்கச் சுவரில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2217 என்றால் 2017-ன் 22-வது வாரத் தயாரிப்பு. மேல்தடம் தேயாமல் இருந்தாலும் வயதான டயரை மாற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏற வேண்டும். சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கொருமுறை கிரீஸ்.

அபாச்சி என்று மூன்றாவது ஒன்றும் கண்ணில் படும். மிச்சிகனின் லபீரில் செய்தது. கூரையை உயர்த்தினால் துணிக்குப் பதில் கெட்டி பிளாஸ்டிக் சுவர்கள். அழகான யோசனை, ஆனால் செய்தவர்கள் இல்லை, பாகமும் அரிது. கைவேலை தெரிந்தவர்களுக்கு மட்டும்.

ஒரே வயது வண்டிகளில் ஏ-ஃப்ரேம் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று பேர், காயவைக்க இடமில்லை என்றால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். முற்றமும் பிள்ளைகளும் இருந்தால், கூரை நன்றாக இருக்கும் அழுக்குத் துணி பாப்-அப்பை அக்டோபரில், சீசன் முடிந்து விற்பவர் இடத்தைக் காலி செய்யத் துடிக்கும்போது போய்ப் பாருங்கள். "மடித்து வைத்துவிட்டேன், திறக்க நேரமாகும்" என்று விற்பவர் சொன்னால், நேரமிருக்கும் நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.